தட்டிப்போட்டுத் திற

முதலில் அதை ஊதுபத்திச் சாம்பல் என்றுதான் றூபினி நினைத்தாள். கதவு நிலையின் அடியில், ஒரு தேக்கரண்டியால் அள்ளக்கூடிய அளவு தூள். கூட்டி அள்ளிக் குப்பையில் கொட்டிவிட்டு ஷிப்டுக்குப் போனாள். மறுநாள் அதே இடத்தில் அதே அளவு தூள் கிடந்தது. ஊதுபத்தி எரிந்ததோ அறையின் மறுகோடியில், கணவனின் படத்துக்கு முன்னால். சாம்பலுக்குக் கால் முளைத்துக் கதவடிக்கு நடந்து வந்திருக்க முடியாது. குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். வறுத்த சிவப்பரிசி மாவைப் போல நறநறவென்று இருந்தது. சாம்பல் இல்லை, மரத்தூள். அதற்குள் மயிரை விட மெல்லியதாக, மடங்கிய ஏதோ சில கிடந்தன. எறும்புக் கால்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றே தெரிந்திருந்தாலும் அவளுக்கு அது பெரிய விஷயமாகப் பட்டிருக்காது.

அந்த நாட்களில் எதுவுமே அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் எப்படி இருக்குமோ, முழு உடம்பும் அப்படி இருந்தது. கணவன் சிவதர்ஷனின் செத்தவீட்டில் ஊர்ப் பெண்கள் எல்லாம் அவளைக் கட்டிப் பிடித்துக் கதறினார்கள். அவர்களுடைய முதுகைத் தடவி ஆறுதல் சொன்னது அவள்தான். "பாவம், விறைச்சுப் போனாள்" என்று ஆளாளுக்குக் குசுகுசுத்தார்கள். அவர்கள் கொண்டு வந்த சோற்றுப் பெட்டிகளைக் கழுவி, மூடி எது பெட்டி எது என்று பொருத்தி அடுக்கி வைத்தபோது கூட அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வரவில்லையே என்ற வெட்கம் மட்டும் கொஞ்சம் இருந்தது.

லண்டன் குட்மேய்ஸில் இருந்த அவர்களுடைய வீட்டின் கீழ்த்தளத்தில் சமையலறைக்குப் பக்கத்து அறையில்தான் சிவதர்ஷன் படுத்திருந்தான், அங்கேதான் செத்தான். இரண்டு அறைக்கும் நடுவே இருந்தது செங்கல் சுவர் அல்ல. வாடகைக்கு ஆள் வைப்பதற்காக, யாரோ இடித்த பழைய வீட்டின் மரச்சட்டங்களை வாங்கி வந்து அவனே அடித்த பலகைச் சுவர். இந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் அந்தப் பக்கம் கேட்கும். பக்கவாதம் வந்து பேச்சும் வலப்பக்கமும் போன பிறகு அந்தச் சுவர்தான் அவனுக்கு வாயாக இருந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலோ திரும்பிப் படுக்க வேண்டுமென்றாலோ இடக்கை முட்டியால் ஒருதரம் குத்துவான். டொக். சமையலறையில் நின்று அவள் இரண்டு தரம் தட்டுவாள். டொக் டொக். அதற்கு அர்த்தம் "வாறன்." அவள் ஷிப்டுக்குப் போன பொழுதுகளில் மகள் மிதுஷா மாடியில் படித்துக்கொண்டிருப்பாள். அவளும் தன் அறைச் சுவரில் இரண்டு தரம் தட்டிவிட்டுத்தான் இறங்கி வருவாள். பதினான்கு வயதுப் பிள்ளை, ஒரு நாளாவது தட்டாமல் வந்ததில்லை.

இப்போது அந்த அறையில் கட்டில் இல்லை. ஆஸ்பத்திரிக்காரர் வந்து கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். சுவரோரமாகக் கட்டில் கிடந்த இடத்தில் கார்ப்பெட் மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தது. எதிர்ச் சுவரோரம் ஒரு கதிரை, அதில் படம், விளக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை தினமும் படைக்க வேண்டும் என்று விம்பிள்டனில் இருந்து சிவதர்ஷனின் அக்கா சுலோச்சனா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். சுலோச்சனா கட்டளை போட்டால் கவுன்சில் கடிதம் மாதிரி. மறுத்துப் பேச முடியாது.

"றூபி, படைச்சுப்போட்டுக் கதவைச் சாத்திவிடு. அவன் வந்து சாப்பிடுற நேரம் ஒருத்தரும் பாக்கக் கூடாது. பிறகு தட்டிப்போட்டுத் திற. தட்டாமல் மட்டும் திறந்திடாதை."

"ஓம் மச்சாள்."

தட்டு வைத்தாள், சாத்தினாள், கொஞ்ச நேரம் பொறுத்துத் தட்டினாள், திறந்தாள். வேலை செய்யும் கடையில் பால் பெட்டி அடுக்குவது போல இதையும் செய்தாள். கடைசி மாதங்களில் அவனுக்குத் தண்ணீரைக் கூடக் கூழாக்கித்தான் பருக்க முடிந்தது. சீனி வியாதி என்று இனிப்பு அறவே கிடையாது. இப்போது அவனுக்குப் பிடித்த பயத்தம் பணியாரம், வாழைப்பழம், மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி எல்லாம் வைத்தாள். ஒருநாள் திறந்து பார்த்தபோது பணியாரம் பாதியாகியிருந்தது. தட்டில் இருந்து பலகைச் சுவர் வரை பழுப்பு நிறத்தில் ஒரு எறும்புக் கோடு போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் ஒரு துணுக்கைச் சுமந்துகொண்டு, சுவரின் அடிப்பலகை வெடிப்பில் நுழைந்து மறைந்தது. அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். சாப்பிடுகிறார் என்று நினைத்தாள். நல்லாச் சாப்பிடுகிறார். அந்த நினைப்பு மட்டும் மரத்துப்போன உடம்புக்குள் எங்கோ ஒரு மூலையில் இதமாக இருந்தது.

அடுத்தநாளில் இருந்து இன்னொரு பணியாரம் கூட வைத்தாள்.

பிறகு ஒரு பின்னேரம், ஜன்னலுக்கு வெளியே மாசி மாதத்து வெளிச்சம் வேளைக்கே மங்கிக்கொண்டிருந்தபோது, வழக்கம்போலச் சாத்திய கதவுக்கு முன்னால் வந்து நின்று ஒருதரம் தட்டினாள். டொக். கைப்பிடியைப் பிடித்தாள். அப்போது கதவு நிலைக்கு உள்ளேயிருந்து, மரத்தின் நடுவிலிருந்து, மெல்ல, தெளிவாகக் கேட்டது.

டொக் டொக்.

கைப்பிடியில் இருந்து கையை எடுத்தாள். குழாய்ச் சத்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஹீற்றர் சூடாகும்போது இந்த வீட்டில் கேட்காத சத்தம் கிடையாது. கதவைத் திறந்து தட்டை எடுத்துக்கொண்டு வந்து கழுவினாள். கழுவி முடித்த பிறகுதான், தட்டைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது, அது அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளும் ஒருதரம் தட்டியது அவள். கூப்பிட்டது அவள். வாறன் என்று பதில் வருகிறது.

அந்தக் கிழமை முழுவதும் அவள் தட்டினாள், பதில் வந்தது. ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் கிட்ட வந்த மாதிரி இருந்தது. முதலில் நிலையின் நடுவில். பிறகு கதவுக்குப் பக்கத்தில். பிறகு அவள் விரல்முட்டி பட்ட அதே இடத்தின் மறுபுறத்தில். பயம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆனால் கம்பளிக்குள் கைவிட்டு எதையோ தடவுவது போல, பயம் கூட ஒரு தடிப்புக்கு அப்பால்தான் நின்றது.

மிதுஷா வந்து சொன்ன அன்றுதான் அந்தத் தடிப்பு கொஞ்சம் கிழிந்தது. தகப்பன் செத்த பிறகு அவள் காதில் ஹெட்போனை மாட்டியபடி மாடியிலேயே கிடந்தாள், கீழே அந்த அறைப் பக்கமே வருவதில்லை. அன்று படியின் நடுவில் வந்து நின்றாள்.

"அம்மா, என்ர பெட்டுக்குப் பக்கத்துச் சுவரில எறும்பு. ஒண்டு ரெண்டு இல்லை, ஒரு லைனே போகுது. டிஸ்கஸ்டிங்."

"எங்கேயிருந்து வருது?"

"கீழ இருந்து. அப்பான்ர ரூமுக்கு மேலதானே என்ர ரூம். தலையணையிலயும் தூள் கொட்டிக் கிடக்கு" என்றாள்.

அப்டன் பார்க்கில் இருக்கும் அஞ்சலீனாவை றூபினி வரவழைத்தாள். பூச்சி மருந்து வேலை செய்யும் மன்னார்ப் பெண். வாய் ஓயாமல் பேசுவாள், பேசிக்கொண்டே முழங்காலில் தவழ்ந்து அடிப்பலகையெல்லாம் டோர்ச் அடித்துப் பார்த்தாள்.

"இந்தக் குளிருக்கு வெளியில இருந்து ஒரு எறும்பும் வராது அக்கா. மாசியில ஓடித் திரியுதெண்டால் கூடு வீட்டுக்குள்ளதான். இது தோட்டத்துக் கறுப்பன் இல்லை, மரத்துக்குள்ள குடியிருக்கிற சாதி."

"கறையானோ?"

"இல்லை, கறையான் மரத்தைத் தின்னும். இதுகள் தின்னாதுகள், குடைஞ்சு குடைஞ்சு வெளியில தள்ளுங்கள். அதுதான் இந்தத் தூள். ஈர மரமெண்டால் இவைக்குக் கொண்டாட்டம். மேல பாத்ரூம் ஒழுகுதோ?"

"கனநாளா ஒழுகுது. பாக்க நேரம் வரேல்லை."

அஞ்சலீனா திருப்புளியின் பிடியால் கதவு நிலையைத் தட்டிக்கொண்டே போனாள். திடமான இடத்தில் ஒரு சத்தம், குடைந்த இடத்தில் வெறும் பெட்டிச் சத்தம். நிலையில் இருந்து பலகைச் சுவர், சுவரில் இருந்து மேலே கூரைப்பலகை வரை எல்லாமே பெட்டிச் சத்தம்தான். காதை வைத்துக் கேட்கச் சொன்னாள். உள்ளே எண்ணெய்த் தாளைக் கசக்கினாற்போல ஒரு சரசரப்பு. வேறொன்றும் இல்லை. அஞ்சலீனா எத்தனை தரம் தட்டியும் அந்தச் சரசரப்பு மட்டும்தான் வந்தது.

"நாங்கள் தட்டினால் இதுகள் திருப்பித் தட்டுமோ?" என்று றூபினி கேட்டாள்.

"சில சாதி தட்டும் அக்கா. ஆபத்தெண்டால் மரத்தில உடம்பை அடிச்சு மற்றதுகளுக்குச் சொல்லுங்கள்."

"ரெண்டு தரமோ?"

அஞ்சலீனா சிரித்துவிட்டாள். "கணக்குப் படிச்ச எறும்பை நான் இன்னும் காணேல்லை." பிறகு பையில் இருந்து ஊசி போன்ற ஒரு குழாயை எடுத்துக் கொடுத்தாள். "ஸ்பிரே அடிக்காதேங்கோ. அடிச்சால் வெளியில நிக்கிறது மட்டும் சாகும், கூடு கலைஞ்சு மேல பிள்ளையின்ர அறைக்குப் போயிடும். இந்த ஜெல்லை வையுங்கோ. நல்ல இனிப்பு, உடன கொல்லாது. சாப்பாடெண்டு நினைச்சுக் கொண்டுபோய் உள்ள இருக்கிறதுக்கு ஊட்டுங்கள்."

"உள்ள இருக்கிறதுக்கு?"

"ராணிக்கு. அது வெளியில வராது, அக்கா. உள்ளயே கிடக்கும், மற்றதுகள்தான் ஊட்டி வளக்கும். அது செத்தால் எல்லாம் முடிஞ்சுது." அவள் படத்தையும் தட்டையும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "வேற இனிப்பு இருந்தால் இந்த மருந்தைத் தொடாதுகள். வைச்ச பிறகு ஒரு கிழமை கதவைத் திறக்காதேங்கோ, கூட்டாதேங்கோ. செத்ததுகளை அதுகளே வெளியில கொண்டு வந்து ஓரிடத்தில குவிக்குங்கள். பிறகு கூட்டி அள்ளிப்போட்டு, நனைஞ்ச சட்டத்தை வெட்டி எடுக்க ஆளைப் பாருங்கோ."

அவள் போன பிறகு றூபினி ஜெல் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். வெளியில் வராமல் உள்ளேயே கிடப்பது. மற்றவர்கள் ஊட்ட வேண்டியிருப்பது. ஊட்டிய கை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். எழுந்து போய்ப் பலகைச் சுவரில் ஒருதரம் தட்டினாள். அஞ்சலீனாவுக்கு வராத பதில் அவளுக்கு உடனே வந்தது. டொக் டொக். வந்தது கீழேயிருந்து அல்ல. தலைக்கு மேலே, கூரைப்பலகையில், மிதுஷாவின் கட்டில் நிற்கும் இடத்தில்.

உள்ளே இருப்பது யாராக இருந்தாலும் சரி. எறும்பாக இருந்தாலும், அவளுடைய மனிசனாக இருந்தாலும். மேலே போகக் கூடாது. மேலே பிள்ளை படுக்கிறாள்.

அன்று படையலுக்கு ஒரு வாழைப்பழத்தை வட்டமாக வெட்டினாள். ஒவ்வொரு வட்டத்திலும் ஜெல்லைத் தடவினாள், தேன் தடவியது போலப் பளபளத்தது. பணியாரத்தைப் பிட்டு உள்ளேயும் வைத்தாள். "சாப்பிடுங்கோ" என்று படத்துக்குச் சொன்னாள். ஒவ்வொரு நாளும் சொல்கிற அதே சொல்தான். கதவைச் சாத்திவிட்டு வந்து சுலோச்சனாவுக்குப் போன் எடுத்தாள். "ஓம் மச்சாள், படைச்சிட்டன். ஓம், அவருக்குப் பிடிச்சதுதான்."

அதன் பிறகு அவள் படைக்கவும் இல்லை, தட்டவும் இல்லை. அந்தப் பக்கத்தில் இருந்து தட்டல் வந்தது.

டொக். ஒருதரம். கூப்பிடுகிற தட்டல். அவள் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். அடுத்தநாளும் டொக். அவள் றேடியோவைப் போட்டாள். சாத்திய கதவின் கீழ் இடைவெளியால் ஒரு வாடை கசியத் தொடங்கியது. வினாகிரி போலப் புளித்த வாடை, அதற்கு அடியில் அவன் உடம்பைத் துடைத்த எலுமிச்சை வாசனை ஈரத்தாள், முதுகுப் புண்ணுக்குப் பூசிய களிம்பு, படுக்கையிலேயே கிடந்த உடம்பு. அந்த ஈரத்தாள் பெட்டிகளை எல்லாம் எப்போதோ தூக்கி எறிந்தாயிற்று. தட்டல் நாளுக்கு நாள் இளைத்தது. முட்டி தளர்ந்து, நடுவில் நின்று, மறுபடி முயன்று. அவன் கடைசிக் கிழமையில் எப்படித் தட்டினானோ அப்படி. அப்போது அவள் ஒவ்வொரு தரமும் போனாள். இப்போது போகவில்லை. காதைப் பொத்திக்கொண்டு கோழிக்கறி சமைத்தாள்.

பிறகு நின்றுவிட்டது. மிதுஷாவின் சுவரில் எறும்பு இல்லை, தூள் இல்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட வந்தாள். "தாங்ஸ் அம்மா" என்றாள்.

அந்தியேட்டி ஆற்றங்கரையில் ஐயரோடு முடிந்தது. இல்போர்ட்டில் ஒரு மண்டபத்தில் எல்லாரும் சாப்பிட்டார்கள். சுலோச்சனா அவர்களைக் காரில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள். "இனி அவன் போயிட்டான் றூபி. படத்தை எடுத்து முன்னறையில மாட்டு" என்றாள். மிதுஷா உடை மாற்ற மாடிக்குப் போனாள். றூபினி கோட்டைக் கழற்றினாள். தும்புத்தடியையும் குப்பை அள்ளியையும் எடுத்துக்கொண்டு அறைக்கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். தட்டக் கை உயர்ந்தது. போனவருக்கு எதற்குத் தட்டல் என்று நினைத்துக் கையை இறக்கினாள்.

தட்டாமல் திறந்தாள்.

வாடை முகத்தில் மோதியது. திரைச்சீலைக்குள்ளால் பின்னேர வெளிச்சம் மங்கலாக விழுந்திருந்தது. படம் இருந்தது. தட்டு துடைத்து வைத்தாற்போல வெறுமையாக இருந்தது. அஞ்சலீனா சொன்னது சரிதான், செத்ததுகளைக் கொண்டு வந்து ஓரிடத்தில்தான் குவித்திருந்தன. கட்டில் கிடந்த இடத்தில், சுவரோரமாக.

பழுப்பாக, மரத்தூளும் எறும்புப் பிணமுமாக.

ஆள் நீளத்துக்கு.

தலையணை இருக்கும் இடத்தில் உருண்டையாக. நடுவில் அகன்று. கீழே இரண்டாகப் பிரிந்து. வலப்பக்கம் தட்டையாக, செத்துப் போயிருந்தது போல. இடப்பக்கம் மட்டும் ஒரு கை நீண்டு சுவரின் அடியில் போய் நின்றது. அதன் நுனியில் ஐந்து கோடுகள்.

தும்புத்தடி அவள் கையில் இருந்தது. கூட்டினால் முடிந்தது. ஒரு எட்டு வைத்தால் போதும்.

டொக்.

சுவரில். அந்த ஐந்து கோடுகள் தொட்ட இடத்தில்.

மாதக்கணக்காகப் பழகிய அவளுடைய வலக்கை தானாக உயர்ந்தது. விரல்முட்டி கதவு நிலையைத் தேடியது. றூபினி இடக்கையால் அதை எட்டிப் பிடித்தாள். நெஞ்சோடு சேர்த்து அமத்திக்கொண்டாள். இல்லை. நான் வரமாட்டன். நான் பதில் சொல்லமாட்டன். அப்போதுதான், இத்தனை நாள் வராத அழுகை, சூடாக, மூக்கும் வாயும் அடைக்க வந்தது. அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டு நின்றாள். சுவரும் சத்தமில்லாமல் நின்றது. அவள் கை அசையவில்லை.

பதில் மேலே இருந்து வந்தது.

டொக் டொக்.

மிதுஷா. ஹெட்போன் இல்லாமல். ஒரு நாளாவது தட்டாமல் வராத பிள்ளை.

றூபினி கத்த வாயைத் திறந்தாள். ஊசி போட்ட கன்னம். நாக்கு அசையவில்லை. தலைக்கு மேலே கட்டில் கிறீச்சிட்டது. அறைக்கதவு திறந்தது. படியில் சொக்ஸ் போட்ட கால்கள், ஒன்று, பிறகு ஒன்று, அவசரமில்லாமல்.

அவள் திரும்பித் தரையைப் பார்த்தாள். அந்தத் தூள் கை சுவரோரம் இல்லை. அது கதவுப் பக்கமாக நீண்டிருந்தது.